எழுத்துக்கும் முகவரி வேண்டும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



யாம் பெரிதும் கற்றோமல்லோம். மெட்ரிக் தேறி, இவ்வங்க நாட்டு இரயில் நிலையத்தில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாகக் காலங்கழிப்போம். அத்தொழில் கற்பித்த ஒரு பாடத்தையே எழுத்துத் துறைக்கும் பொருத்திக் கூற விழைகின்றோம். பட்டுப் புடவைகள் நிரம்பிய பெட்டியாயினும், மேலே ஒட்டிய லேபிள் கிழிந்துபோயின் அஃது உரியவரை அடையாது. கிடங்கில் கிடந்து, முடிவில் ஏலத்துக்குப் போகும். சரக்கின் தரம் அதனைக் காப்பாற்றாது, முகவரியே காப்பாற்றும்.

சென்ற ஆண்டு, நம் காலனியில் வாழ்ந்து மறைந்த பெரியவர் ஒருவரின் பேர்த்தி புனேயிலிருந்து எம்மோடு தொலைபேசியில் பேசினாள். “மாமா, தாத்தா நிறைய எழுதினாராமே! இணையத்தில் தேடினேன், ஒரு வரிகூடக் கிடைக்கவில்லையே” என்றாள். அவர் நம் ஆண்டு மலர்கள் 18இல் எழுதியவர். சங்க அலமாரியைத் திறந்தோம். பாதியைக் கரையான் தின்றிருந்தது. அச்சகத்தார் முன்பு தந்த குறுந்தகடு ஒன்று அகப்பட்டது. கணினியில் இட்டபோது தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே தோன்றின. எழுதியவர் குறையன்று அது. காக்க வேண்டிய நமது குறையே. அப்பெண்ணுக்கு விடை கூற அறியாது நின்றோம்.

நம்மிடையே இன்றும் கதையும் கவிதையும் எழுதுவோர் பலர் உளர். அவர்க்கும் அந்நிலை வாராதிருக்கச் சில கூறுவோம்.

முதலாவது, பெயர். சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் என்னும் பெயரால் வாசகர் நெஞ்சில் நிலைத்தார். நம் பெரியவரோ மூன்று பெயர்களில் மாறி மாறி எழுதினார். ஒரு பெயரைத் தேர்ந்து, தலைப்பெழுத்தையும் மாற்றாது, எங்கும் அதனையே இடுக. தேடும் பொறி நம் முகத்தை அறியாது. பெயரின் எழுத்துக்களையே அறியும்.

இரண்டாவது, எழுத்துரு. தமிழ் எழுத்துக்கள் 1991ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியில் இடம்பெற்றன. பின்னரும் பல்லாண்டுகள் அச்சகங்கள் வெவ்வேறு எழுத்துருக்களைக் கையாண்டமையால், ஒரு கணினியில் தமிழாய் இருந்தது மற்றொன்றில் குழம்பிற்று. நம் குறுந்தகட்டின் கதையும் இதுவே. ஆதலின் ஒருங்குறியிலேயே எழுதுக. கவிதையைப் படமாக்கி மட்டும் வெளியிடுதலும் நன்றன்று. படத்துக்குள் அடைபட்ட சொல்லைத் தேடிக் காண்டல் அரிது. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வத் தொண்டர்கள், பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றியதனாலன்றோ அவற்றை இன்று கைப்பேசியிலும் படிக்கின்றோம்!

மூன்றாவது, இடம். வாட்ஸ்அப் குழுவில் காலையில் இட்ட கவிதை மாலைக்குள் வாழ்த்துப் படங்களின் கீழே புதைந்துபோகின்றது. படைப்புகள் யாவும் தேதியோடு ஒருசேர இருக்க, இணையத்தில் தமக்கென ஓரிடம் அமைத்துக்கொள்க. குழுக்களிலும் முகநூலிலும் அவ்விடத்துக்கு வழி காட்டினால் போதும். பிறர் தரும் இடமும் நிலையானதன்று. ஜியோசிட்டீஸ் 2009இலும், கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டன. ஆகவே படி ஒன்று வீட்டிலும் இருத்தல் வேண்டும்.

நான்காவது, பொறுமை. விருப்பக் குறிகளை எண்ணிக்கொண்டிருப்பவர்க்கு எழுதப் பொழுது இராது. திங்களுக்கு ஒன்றாயினும் தவறாது எழுதுக. நாலு பேர் படித்தாலும் அவர்க்கு மறுமொழி தருக. பிறர் எழுத்தை அவர் பெயரை நீக்கிப் பரப்புதல், பார்சலின் லேபிளைக் கிழிப்பதற்கு ஒப்பாகும்.

இனி, அப்பெரியவர்க்கு நாம் பட்ட கடன். நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அவர் குடும்பத்தார் மனமுவந்து இசைவு தந்துள்ளனர். கரையான் விட்டுவைத்தவை ஏறத்தாழ 40 பக்கங்கள். வீட்டுக்கு 2 பக்கம் தட்டெழுதினால் 20 வீட்டார் போதும். தமிழ் படிக்கத் திணறும் நம் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்க, அவர்களுக்கும் பயிற்சியாகும். பரணில் பழைய மலர் வைத்திருப்போர் அன்புகூர்ந்து கொணர்க. கூட்டம் முடிந்ததும் பெயர்களைக் குறித்துக்கொள்வோம்.

அடுத்த ஆண்டு விழாவிற்குள் அப்பெண் தேடும்போது அவள் தாத்தா அவளுக்குக் கிடைத்தல் வேண்டும். வழியில் தங்கிவிட்ட அப்பார்சலை உரியவரிடம் சேர்ப்போமாக.