முதியோரும் கைவேலையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாலிபர் சங்க மேடையில் முதியோரைப் பற்றிப் பேச வருகிறவர் வழக்கமாக என்ன பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியும். தாய் தந்தையரைப் பேண வேண்டும், மூத்தோர் சொல்லைத் தட்டலாகாது என்று சொல்லி, ஒரு குறளையும் எடுத்துக்காட்டி அமர்ந்துவிடுவார். அவை யாவும் உண்மையே. ஆனால் செயலாளர் எனக்குக் கொடுத்த விஷயம் கைவேலை. ஆகையால் புண்ணியத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுக் கூடை, திரி, கந்தல் துணி இவற்றைப் பற்றிப் பேச உத்தேசித்திருக்கிறேன்.

சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம் என்பது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. அந்தப் பணம் மகளின் கலியாணத்துக்கோ, வீட்டுக்கூரைக்கோ, பழைய கடனுக்கோ போய்விடுகிறது. அதன் பின் அம்மாயிக்கு என்ன வேலை? மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மருமகள் மலைக்குப் போகிறாள், அல்லது அக்கரை நாட்டில் பணிப்பெண்ணாக இருக்கிறாள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் காம்பராவில் அம்மாயியும் அடுப்பும்தான். அப்பாயியோ இஸ்தோப்பில் குந்தியிருந்து, மழை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். நமது கொத்மலையில் அதைப் பார்க்க வெகுநேரம் காத்திருக்கத் தேவையில்லை!

இந்தக் கைகள் எத்தகைய கைகள் என்பதை எண்ணிப் பாருங்கள். முப்பது நாற்பது வருஷம் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஒடித்து ஒடித்துப் பழகியவை. கண் வேறிடம் பார்த்தாலும் விரல் பிசகாது. கவ்வாத்துக் கத்தி பிடித்த ஆண்களின் மணிக்கட்டும் அப்படித்தான். வாது எந்தச் சாய்வில் வெட்டுப்பட வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். இப்படிப்பட்ட கையை ஒரு நாள் காலையில் திடீரென்று நிறுத்தி, இனி உனக்கு ஓய்வு என்று சொல்லிவிட்டால், அது மடியில் கிடந்து தவிக்காமல் என்ன செய்யும்?

கைவேலையின் மேன்மையைச் சொல்லத் தூரதேசம் போக வேண்டியதில்லை. காந்தியடிகள் 1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கைக்கு வந்தார். கண்டி, பதுளை முதலிய மலைநாட்டு ஊர்களிலும் பேசினார். இராட்டை சுற்றுவதற்கு வயது வரம்பு எதையும் அவர் விதிக்கவில்லை. அவருக்கு முன்னரே, தமிழரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆராய்ச்சி அதிகாரியாக இந்நாட்டில் அலைந்த காலத்தில், கண்டி இராச்சியத்தின் பழைய கைவினைஞர்களைத் தேடிப் போய்ப் பார்த்து எழுதி, 1908இல் பெரிய நூலாக வெளியிட்டார். அதை அச்சிட்டதும் கையால் இயக்கும் அச்சுப்பொறியில். அது கண்டிச் சிங்களக் கலைகளைப் பற்றிய நூல். லயத்துக் கூடை அதில் இடம்பெறும் விஷயமன்று. நமது பொருள்களைப் பற்றி நாம்தான் எழுதி வைக்க வேண்டும். எழுதுவதற்கு முன்னால் செய்யத் தெரிந்தவர் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கில், ஹேனவல என்ற ஊரில், கற்றாழை இனத்துச் செடியின் நாரை எடுத்துச் சாயமேற்றிப் பாய் நெய்கிற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. அங்கே பாட்டியும் பேத்தியும் ஒரே தறியருகே இருப்பதால் அந்த வித்தை பிழைத்திருக்கிறது.

நமது கொழுந்துக் கூடை அவ்வாறு பிழைக்கவில்லை. இப்போது மலையில் பெரும்பாலும் சாக்குகளும் பிளாஸ்டிக் கூடைகளும்தான். பாரம் குறைவு, மழையில் ஊறாது என்பது உண்மை. கொழுந்து எடுக்கும் பெண்ணின் கழுத்துக்கு அது நன்மையே. ஆகவே பழைய கூடையை மீண்டும் தலையில் மாட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கூடையை முடையத் தெரிந்த பெரியவர் ஒருவராவது உங்கள் டிவிசனில் இருப்பார். அவரிடம் சிறு கூடை ஒன்று, ஒரு சாண் உயரத்தில், கேட்டுப் பாருங்கள்.

அதில் என்னென்ன நுட்பம் இருக்கிறது தெரியுமா? மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டுவது வழக்கம். வெட்டியதை ஓடைத் தண்ணீரில் சில வாரங்கள் ஊறப்போட்டால் அதிலுள்ள மாச்சத்துக் குறைந்து போகும். அப்புறம் வண்டு எளிதில் துளைக்காது. பிளக்கும்போது பச்சைத் தோலோடு கூடிய வெளிப்பட்டைதான் உறுதி. உட்பட்டை சீக்கிரம் ஒடியும். அடிப்பாகம் சதுரம், வாய் வட்டம். ஒரே பட்டையைச் சுற்றிச் சுற்றி முடைய வேண்டுமானால் நிற்கும் பட்டைகள் ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும். இரட்டைப்படையானால் முதற்சுற்றில் மேலே போனது இரண்டாஞ்சுற்றிலும் மேலேயே போகும், பின்னல் பிடிக்காது. இந்தக் கணக்கை எழுதப்படிக்கத் தெரியாத ஒரு கிழவர் விரலால் எண்ணிச் சொல்லும்போது, க.பொ.த. படித்த நமது பிள்ளை வாயடைத்துப் போவான். போகட்டும், நல்லதுதான்.

தாய்மார்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது திரி. கார்த்திகைத் தீபத்துக்கு மாத்திரம் நமது கோயில்களுக்கும் வீடுகளுக்கும் எத்தனை திரி வேண்டும்! அவ்வளவையும் கடையில் பொட்டலமாக வாங்குகிறோம். பழைய பருத்தி வேட்டி, கஞ்சி முற்றாகப் போகும்படி துவைத்து உலர்த்தியது, இருந்தால் போதும். விரலளவு நீளத்தில் கிழித்து, உள்ளங்கையில் சிறிது விபூதி தொட்டுக்கொண்டு உருட்டினால் வழுக்காமல் முறுக்கு ஏறும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்று வேட்டி என்று விற்பதெல்லாம் பருத்தியன்று. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனை வந்து சாம்பலானால் பருத்தி. உருகி மணிபோல் உறைந்தால் அது விளக்குக்கு ஆகாது. எண்ணெயும் குடிக்காது, கரும்புகையும் விடும். நூறு திரியைக் கட்டாகக் கட்டி இரண்டு அகலோடு வைத்துக் கொடுத்தால், கொழும்பிலிருந்து லீவில் வந்து திரும்பும் பேரனுக்கு அம்மாயி வெறுங்கையாய் விடைகொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, கந்தல் துணி மிதியடி. மலைநாட்டுச் சீமெந்துத் தரையின் குளிர் முதியவர்களின் பாதத்துக்குத்தான் தெரியும். ஒரு புடவையின் அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். அதை நீளவாட்டில் 2 அங்குலமாகக் கிழித்தால் இருபத்திரண்டு நாடா கிடைக்கும். நாடாவோடு நாடாவை இணைக்கத் தையல் வேண்டாம்: இரண்டு நுனியிலும் சிறு பிளவு போட்டு, ஒன்றன் பிளவினுள் மற்றதைக் கோத்து, அதன் வாலை அதன் பிளவிலேயே நுழைத்து இழுத்தால் முடிச்சு விழும். மூன்று நாடாவைச் சடை பின்னுவதுபோல் பின்னிக்கொண்டே போக வேண்டியது. இந்த வேலையைத் தாய்மார்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டுமா? பின்னியதைத் தரையில் சுருளாகச் சுற்றி ஓரத்தோடு ஓரம் கட்டை ஊசியால் தைக்க வேண்டும். மடியில் வைத்துத் தைப்பதுதான் பலரும் செய்கிற பிசகு. மடியில் வைத்தால் சுருள் இறுகி வட்டில்போல் குவிந்துவிடும். சமதளத்தில் வைத்தால் படிந்து வரும். ஓரம் அலையலையாக எழும்பினால் துணியை அதிகமாக விட்டுவிட்டோம் என்று பொருள்.

பிளாஸ்டிக் வயரில் கூடை பின்னுவதையும் பலர் அறிவீர்கள். சிவன்கண், நெல்லிக்காய் என்று பின்னலுக்குப் பெயர்கள்கூட உண்டு. அழகானதுதான், ஆனால் வயரை இழுத்து முடிச்சிட விரலில் வலு வேண்டும். மூட்டுவலிக்காரருக்கு அது வேண்டாம். கோயில் திருவிழாவுக்குத் தோரணம், காகிதப்பூ இவை எளிது. ஆண்களுக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. காமன் கூத்துக்கும் பொன்னர் சங்கர் கூத்துக்கும் கிரீடமும் புயக்கீர்த்தியும் அட்டையிலும் மினுக்குக் காகிதத்திலும் செய்யத் தெரிந்தவர்கள் இன்றும் நம்மிடையே உளர். மாசி பிறந்த பிறகு ஓடித்திரிந்து வாடகைக்கு உடுப்புத் தேடுவதைவிட, மார்கழியிலேயே அவர்களைக் கேட்டால் என்ன?

இனி வாலிபர்களுக்குச் சில வார்த்தைகள். முதியோர் தினம் என்று ஒக்டோபர் முதலாந்தேதி அவர்களை வரிசையாக நாற்காலியில் இருத்தி, துவாய் போர்த்திப் படம் பிடிக்கிறோம். வாங்கிக்கொள்ளும் கையாகவே அவர்களை நிறுத்திப் பழகிவிட்டோம். அவர்கள் கொடுக்கும் கையாகவும் இருக்க ஆசைப்படுவார்கள் என்பதை மறந்துபோனோம். கைவேலை என்றால் பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போல வர்ணக் காகிதமும் பசையும் வாங்கி வைத்து, நாம் கைதட்டுவதும் வேண்டாம். அது அவர்களைச் சிறுபிள்ளையாக்குவது. அவர்கள் செய்வது எதுவாயினும் யாருக்காவது உண்மையில் பயன்பட வேண்டும்; தெரிந்ததை அவர்கள் சொல்லிக்கொடுக்க, நாம் கீழே உட்கார்ந்து கற்க வேண்டும்.

விற்றால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். இறம்பொடை அருவியையும் அனுமார் கோயிலையும் பார்க்க வருகிற பிரயாணிகள் சிறு கொழுந்துக் கூடையை விரும்பி வாங்கக்கூடும். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். இவர்கள் வாழ்நாள் முழுவதும் பேருக்கு வேலை செய்தவர்கள். கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்த்து நெஞ்சு அடித்துக்கொண்டவர்கள். நிறை குறைந்தால் அரைப்பேர் என்று எழுதப்பட்டவர்கள். நாளைக்கு இத்தனை திரி, வாரத்துக்கு இத்தனை கூடை என்று நாமும் ஒரு கொப்பியைத் தூக்கிக்கொண்டு போனால், ஓய்வு பெற்றவரை மறுபடியும் பிரட்டுக் களத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர்களாவோம். நமது கூடத்தில் தராசும் வேண்டாம், கணக்கப்பிள்ளையும் வேண்டாம். ஒருவர் பாதியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக் கதை பேசிக்கொண்டிருந்தால், அதுவும் அன்றைய வேலையே.

செலவு அதிகமில்லை. வெளிச்சமுள்ள இடம் வேண்டும். ஆகவே கோயில் மண்டபத்தின் கிழக்குப் பக்கம் நல்லது. காலைக் குளிரில் விரல் மடங்காது. வெயில் ஏறிய பின், பத்து மணிக்குமேல் ஆரம்பிக்கலாம். ஒரு சட்டியில் இளஞ்சூடான தண்ணீர் வைத்து, தொடங்குமுன் கையைச் சற்று நேரம் அதில் வைத்திருக்கச் சொன்னால் இலகுவாக இருக்கும். பாய் விரித்து உட்கார முடியாதவர்களுக்குச் சாய்வுள்ள நாற்காலி வேண்டும், வாங்கு உதவாது. ஊசி பெரிய காதுள்ளதாக இருக்கட்டும். நூலை முன்கூட்டியே கோத்து ஒரு துணியில் பத்துப் பன்னிரண்டு ஊசியாகக் குத்தி வைப்பது நமது இளைஞர் வேலை. பார்வை மங்கியவர்களுக்கு வெள்ளைத் துணியில் வெள்ளை நூல் கொடுக்காதீர்கள். படியேற முடியாதவர்களின் வீட்டுக்கு இரண்டு பேர் துணியையும் நாடாவையும் கொண்டுபோய்க் கொடுத்து வரலாம். மேல் டிவிசன் லயங்களுக்கு இது அவசியம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதற்கூட்டம் வைப்பதெனச் செயலாளரும் நானும் பேசியிருக்கிறோம். பழைய வேட்டி, புடவை உள்ளவர்கள் கொண்டு வரலாம். தயவுசெய்து கஞ்சி போகத் துவைத்து, காய்ந்த பின் கொண்டு வாருங்கள். கூடை முடையத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இச்சபையில் இருந்தால், கூட்டம் கலையுமுன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். மூங்கில் வெட்ட எந்த நாள் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.