கையெழுத்துக்கு மேலே ஒரு வரி



வேலையில் சேரும்போது சம்பளம் எவ்வளவு என்று பார்க்காதவர் இல்லை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படிப்பவர்கள் குறைவு. தகராறு எழுந்தால் எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும் என்று அங்கே ஒரு வரி இருக்கும். கையெழுத்துக்குச் சற்று மேலே இருக்கும் அந்த வரி, பின்னால் ஒரு வழக்கின் தலையெழுத்தையே மாற்றிவிடும்.

லாயாங் லாயாங்கைச் சுற்றி ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். தோட்ட வேலையில் இருந்தவரை முறையிடும் இடம் தெரிந்திருந்தது. சங்கமும் முதலாளிகளும் கூட்டு ஒப்பந்தம் செய்வார்கள். 1967ஆம் ஆண்டுத் தொழிலியல் உறவுச் சட்டப்படி அதைத் தொழிலியல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், அங்கு வேலை செய்பவருக்கும் பின்னால் சேர்பவருக்கும் அது பொருந்தும்.

பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளையோடு அந்த ஒப்பந்தம் கூடப் போகாது. அங்கே சம்பளப் பாக்கி என்றால் முதலில் சமரசப் பேச்சு. தீராவிட்டால் 2017 முதல் இயங்கும் வேலைக் கோரிக்கை நடுவர் மன்றம். கோரிக்கையின் வரம்பு 20,000 வெள்ளி. சங்கத்தின் துணையோடு போனால் 30,000 வெள்ளி. வேலையை விட்டவர் ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும்.

ஜொகூருக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் கதை இன்னும் பெரியது. டைசன் நிறுவனத்துக்குப் பொருள் தயாரித்த ஜொகூர் தொழிற்சாலைகளில் கட்டாய உழைப்புக்கு ஆளானதாக, நேப்பாளம், வங்காளதேசத்தைச் சேர்ந்த தொழிலாளர்கள் 2022இல் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். டைசன் குற்றச்சாட்டை மறுத்தது. அவர்களுக்கு வேலை கொடுத்தது வேறொரு மலேசிய நிறுவனம்; டைசனோடு அவர்களுக்கு வேலை ஒப்பந்தமே இல்லை. ஆகவே எந்த நாட்டில் விசாரணை என்பதே முதல் சண்டை ஆனது.

2023இல் உயர்நீதிமன்றம் மலேசியாவே பொருத்தமான இடம் என்றது. தொழிலாளர்கள் விடவில்லை. மலேசியாவில், வென்றால் கிடைக்கும் தொகையில் வழக்கறிஞர் பங்கு பெற 1976ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. கையில் காசில்லாதவர் ஒரு பெரிய நிறுவனத்தோடு எப்படி மோதுவார்? 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, வழக்கு இங்கிலாந்தில் நடக்கலாம் என்றது. 2025இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றமும் டைசனின் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று பார்ப்பதற்கு முன்பே மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

உலகம் இந்தச் சிக்கலை அறியாமல் இல்லை. நிறுவனங்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கும் நீதிமன்றத்தை நாடுகள் மதிக்க வேண்டும் என்று 2005இல் ஹேக் உடன்படிக்கை உருவானது. வேலை ஒப்பந்தங்களையும் கூட்டு ஒப்பந்தங்களையும் அதிலிருந்து விலக்கி வைத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமோ, தகராறு எழுந்த பிறகு செய்துகொண்ட ஏற்பாட்டையும், தொழிலாளிக்குக் கூடுதல் நீதிமன்றத்தைத் திறந்துவிடும் ஏற்பாட்டையும் மட்டுமே ஏற்கிறது. வேலை தேடி வருபவர் பேரம் பேசும் நிலையில் இல்லை என்பதே காரணம்.

எனவே கையெழுத்திடும் முன் அந்த வரியைப் படியுங்கள். புரியாவிட்டால் சங்கத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் வையுங்கள். சங்கங்களும் சம்பள உயர்வோடு இன்னொன்றைக் கேட்டுப் பெற வேண்டும்: வேலை செய்த இடத்திலோ, முதலாளி இருக்கும் இடத்திலோ வழக்குத் தொடுக்கும் உரிமை தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். போய்ச் சேர முடியாத நீதிமன்றத்தில் எவ்வளவு நல்ல சட்டம் இருந்தாலும் ஏழைக்குப் பயனில்லை.