உரோமாபுரியில் பனி



பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்திலே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருப்பது எங்கள் ஆனைகட்டி. எல்லைக்கு இப்பால் கேரளம், அப்பால் தமிழகம். இரு பக்கத்திற்கும் பெயர் ஒன்றே. நாலடி நடந்தால் தாய்மாநிலம் என்றாலும் நாங்களும் வெளிமாநிலத் தமிழர்களே. ஆகையால் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் உங்களுக்கு நாங்கள் அயலார் அல்லர்.

மார்கழியில் எங்கள் மலைச்சரிவில் பனி இறங்கும். புல்நுனியில் நீராய் நிற்கும். வெயில் ஏறினால் மறைந்துவிடும். பனி என்பதற்கு அதற்குமேல் நாங்கள் பொருள் அறிந்ததில்லை. வடக்கே இமயமலைப் பக்கம் குடியேறிய அன்பர்கள் இதைக் கேட்டு நகைக்கலாம்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் நாங்கள் தம்பதியர் இருவரும் உரோமாபுரிக்குச் சென்றோம். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எங்கள் பெரியம்மாவும் உடன் வந்தார். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். எங்கள் நாட்டம் முழுவதும் மிளகின்மேல் இருந்தது. கோவையை அடுத்த வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டில் உரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் முதலிய பேரரசர்களின் காசுகள் அவை. மேற்குக் கடற்கரைக்கும் கொங்கு நாட்டுக்கும் இடையே இயற்கை திறந்துவைத்த வாயில் பாலக்காட்டுக் கணவாய். முசிறியில் மிளகு கப்பலேறியது. ஆண்டுதோறும் தங்கள் செல்வம் இந்தியாவுக்கு ஓடுகிறதென்று முதலாம் நூற்றாண்டில் பிளினி முறையிட்டார். 5 கோடி செஸ்டர்ஸ் என்று கணக்கும் எழுதிவைத்தார். அந்த மிளகைச் சேமிக்க டொமீஷியன் கட்டிய பண்டகசாலை பழைய உரோமானிய மன்றத்தின் அருகே, பிற்காலத்து மாளிகை ஒன்றின் அடியில் புதைந்து கிடக்கிறது. அந்த இடத்தைக் கண்ணால் காணவே போனோம்.

பெரியம்மா கேட்டது ஒன்றே ஒன்று: பனிமாதா கோயில். கோயில்கள் போதுமான அளவு பார்த்தாயிற்று, நேரமிருந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அதைப் பட்டியலின் கடைசியில் எழுதினோம். உண்மையைச் சொன்னால், அடித்தே விட்டோம். அவர் மறுவார்த்தை பேசவில்லை.

26ஆம் தேதி, திங்கட்கிழமை. மறுநாள் நாடு திரும்ப வேண்டும். காலையில் சாளரத்தைத் திறந்தால் தெரு முழுதும் வெள்ளை! ஆறு ஆண்டுகளாக அந்நகரம் அத்தகைய பனிப்பொழிவைக் கண்டதில்லையாம். அம்மாத நடுவில் வடதுருவத்தின் உயர்வளி மண்டலம் திடீரென வெப்பமுற்றது. அங்கே சுழலும் காற்றுச்சுழல் பிளந்தது. சைபீரியக் குளிர் மேற்கு நோக்கிச் சரிந்தது. காரணம் இவ்வாறு பிற்பாடு படித்தறிந்தோம். அன்றைக்கு அறிந்ததெல்லாம், எங்கள் துணிக் காலணிகள் அரை நாழிகையில் நனைந்தன என்பதே. பள்ளிகளுக்கு விடுமுறை, பேருந்துகள் அரிது, தெருவைத் துப்புரவாக்க இராணுவத்தை அழைத்தார்கள்.

தட்டுத்தடுமாறி மன்றத்தை அடைந்தோம். கதவு பூட்டியிருந்தது. வட்டரங்கும் மூடல். கம்பிவேலி வழியே பார்த்தபோது உடைந்த தூண்கள் ஒவ்வொன்றும் தலையில் பஞ்சுப் பொதி சுமந்து நின்றன. இத்தனை கடல் கடந்தும் மிளகுக் கிடங்கு எங்களுக்கு இல்லை என்றாகிவிட்டது. ஏமாற்றத்தில் ஒருவரையொருவர் குறைகூறத் தொடங்கியிருந்தோம்.

"அந்தக் கோயில் எந்தப் பக்கம், பிள்ளைகளா?" என்றார் பெரியம்மா.

ஒரு கிலோமீட்டர் அளவுதான் இருக்கும், ஆனால் ஏற்றம். உரோமாபுரியின் கருங்கல் பாவிய தெருக்கள் நனைந்தாலே வழுக்கும். பனியில் சொல்ல வேண்டுவதில்லை. பெரியம்மாவை இருபுறமும் தாங்கிக்கொண்டு, விழுந்தால் என் செய்வோம் என்று நடுங்கியவாறே எஸ்குவிலின் குன்றில் ஏறினோம்.

நான்காம் நூற்றாண்டில், ஆகஸ்டு மாதக் கோடையில், இக்குன்றின்மேல் பனி பெய்து கோயிலுக்கு இடம் குறித்துக் காட்டியது என்பது ஐதீகம். பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே அக்கதை ஏட்டில் ஏறியது. இப்போதுள்ள கோயிலோ ஐந்தாம் நூற்றாண்டினது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 5ஆம் நாள் கூரையிலிருந்து வெண்மலர் இதழ்களைப் பனிபோலச் சொரிகிறார்கள். போப்பாண்டவர் பிரான்சிஸ் 2025இல் நல்லடக்கம் செய்யப்பட்டதும் இங்கேதான்.

அதே ஆகஸ்டு 5ஆம் நாளே தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா. உப்பளக் காற்று வீச, வியர்வை வழிய, கூட்டத்தில் நசுங்கி நின்ற சிறுமியாகப் பெரியம்மா தம் தாயாரைக் கேட்டாராம்: "பனி எங்கே, அம்மா?" தாயாரும் பனியைக் கண்டவரல்லர். "அதெல்லாம் மாதாவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாராம்.

கோயில் முற்றத்தில் பெரியம்மா எங்கள் கைகளை விடுவித்துக்கொண்டார். குனிந்து ஒரு பிடி பனியை அள்ளினார். உள்ளே போகவும் அவருக்கு அவசரமில்லை. விரல்கள் சிவக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். நாங்கள் குடை பிடித்தோம், வேண்டாமென்றார்.

தண்ணீர்ப் புட்டி ஒன்றைக் காலி செய்து, அதில் பனியை அடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். விடுதிக்குத் திரும்புவதற்குள் அது நீராயிற்று. மறுநாள் விமான நிலையத்தில் அதைக் கொட்டிவிடச் சொன்னார்கள். விதியை எடுத்துரைத்தோம். அவர் வாதாடவில்லை, விரலை நனைத்து முதலில் தம் நெற்றியிலும், பிறகு எங்கள் நெற்றியிலும் தடவினார், மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, வெற்றுப் புட்டியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.