சமநிலத்துப் பிள்ளையும் மலையிறக்கமும்

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை நோக்கி வடக்கே செல்லும் வீதியில் 30 கிலோமீற்றருக்கு மேற் சென்றால் வருவது குச்சவெளி. கிழக்கே கடல், மேற்கே களப்பும் வயலும் காடும். வீதி பெரும்பாலும் சமநிலத்திலேயே ஓடுகின்றது. அவ்வூர்ப் பிள்ளைகள் பலர் பள்ளிக்குப் போவதும், தந்தைக்குச் சோறு கொண்டு கடற்கரை வாடிக்குப் போவதும் துவிச்சக்கர வண்டியிலேதான். நேயர்கள் வழக்கிலே சொல்வதுபோல இனிச் சைக்கிள் என்றே சொல்லலாம்.

இத்தகைய ஊரிலே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, மலைச் சரிவிலே கல்லையும் வேரையும் தாண்டிச் சைக்கிளிற் பாய்ந்திறங்கும் வீரரைக் கைத்தொலைபேசித் திரையிற் காண்கின்றது. தானும் அவ்வாறு இறங்கவேண்டும் என்ற ஆசை அதன் உள்ளத்திற் புகுந்துவிடுகின்றது. தாயோ, “கை கால் முறிந்தால் யார் பார்ப்பது?” என்கிறாள். பிள்ளையின் ஆசையிலும் குற்றமில்லை. தாயின் அச்சத்திலும் குற்றமில்லை. ஆனால் இருவரும் ஒரு பிழையைச் செய்கின்றனர். அவ்விளையாட்டுக்கு வேண்டியது துணிவு என்று இருவருமே எண்ணுகின்றனர். துணிவு உண்டு என்று பிள்ளை புறப்படுகின்றது. துணிவு போதாது என்று தாய் தடுக்கின்றாள். உண்மையிலே முதன்மையாக வேண்டப்படுவது வண்டியைத் தன் வசத்தில் வைத்திருக்கும் கைப்பழக்கம். அதனைப் பழகுவதற்கு மலை தேவையில்லை. குச்சவெளியின் மணலும் ஒழுங்கையும் குளக்கட்டுமே போதும்.

இவ்விளையாட்டின் பிறப்பையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மரின் பகுதியில் இளைஞர் சிலர், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட பழைய பாரமான சைக்கிள்களைப் பொறுக்கியெடுத்து, மலைப்பாதைகளிலே ஓட்டி மகிழ்ந்தனர். 1976ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் அவர்கள் ஒரு பந்தயம் வைத்தனர். பாதையின் நீளம் ஏறத்தாழ 2 மைல். அதற்குள் நிலம் தாழ்ந்தது 1,300 அடி. மிதியைப் பின்னோக்கி அழுத்தினாற் பிடிக்கும் பிறேக்கு அவ்வண்டிகளில் இருந்தது. ஒருமுறை இறங்கி முடிவதற்குள் அச்சக்கூட்டின் கிறீஸ் வெந்து புகைந்துபோகும். புதுக் கிறீஸ் அடைத்த பின்னரே மறுமுறை ஓடலாம். ஆகவே பந்தயத்துக்கே, மீண்டும் அடைத்தல் என்று பொருள்படும் ‘றீபாக்’ என்ற பெயர் நின்றுவிட்டது. அந்த முதற் பந்தயத்தில் வென்றவர் அலன் பொண்ட்ஸ் என்பவர். மற்றவர்கள் வழியிலே விழ, விழாமல் வந்து சேர்ந்தவர் அவரே. வேகத்தைக் காட்டுவதற்கென்று வைத்த பந்தயத்தில் வெற்றி விழாதவனைத் தேடிப் போயிற்று.

விழாமல் இருப்பது எப்படி? 1817ஆம் ஆண்டு ஜெர்மனியிலே கார்ல் டிறைஸ் என்பவர் முதன்முதல் இரு சில்லு வண்டியை ஓட்டியபோது அதற்கு மிதியே கிடையாது. காலால் நிலத்தை உந்தி உந்தி ஓடினார். இன்று மேல்நாடுகளிற் சிறு குழந்தைகளுக்கு மிதியில்லாத வண்டியைக் கொடுத்துப் பழக்குவதும் இம்முறையிலேதான். சமநிலை முதலில், மிதித்தல் பின்னர். நம்மவர் பிள்ளைகளோ பெரியவரின் வண்டியை எடுத்து, இருக்கை எட்டாமையால், சட்டத்தின் முக்கோணத்துள்ளே ஒரு காலை நுழைத்து, வண்டி ஒருபுறமும் உடல் மறுபுறமுமாகச் சாய்ந்து ஓடிப் பழகினவர்கள். பார்ப்பதற்கு அது சிரிப்பாயிருக்கலாம். ஆயினும் வண்டி ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமும் நிற்க, இரண்டுக்கும் நடுவே சமநிலை காணும் வித்தை அதற்குள்ளே இருந்தது. மலைப்பாதை வீரர் வளைவிலே செய்வதும் ஏறக்குறைய அதுவே.

சைக்கிள் ஏன் விழாமல் ஓடுகின்றது என்பதே அறிஞரை நெடுங்காலம் மயக்கிய வினா. சுழலும் சில்லின் பம்பர விசையே காரணம் என்று பலர் சொல்லி வந்தனர். 2011ஆம் ஆண்டு அமெரிக்க, ஒல்லாந்து ஆய்வாளர் சிலர் அந்த விசை பயன்படாதவாறு ஒரு வண்டியைச் செய்து தள்ளிவிட்டுப் பார்த்தனர். அதுவும் தானே நிமிர்ந்து ஓடியது. காரணம் ஒன்றன்று, பல கூடியது என்பது அதனால் தெளிவாயிற்று. பிள்ளைக்கு இதிலிருந்து வேண்டியது சிறிதே: விழப்போகும் பக்கம் கைபிடி சற்றுத் திரும்பினால் வண்டி நிமிரும். ஓடும் வண்டி அதனைத் தானே செய்துகொள்ள முயல்கின்றது. கைபிடியை இறுகப் பற்றி விறைத்திருப்பவன் அந்த முயற்சியைத் தடுக்கின்றான். ஆகவே கை இளகியிருக்க வேண்டும். முழங்கை மடிந்திருக்க வேண்டும்.

முதற் பாடம் மெதுவாக ஓடுதல். ஊரிலே மெதுவோட்டச் சைக்கிள் போட்டி வைப்பதுண்டு. கடைசியாக வருபவனுக்கே பரிசு. அதனை வேடிக்கை என்று எண்ணுவோர் அதன் அருமையை அறியார். வேகமாக ஓடும் வண்டி தன்னைத் தானே தாங்கும். மெதுவாக ஓடும் வண்டியை ஓட்டுபவனே தாங்கவேண்டும். பள்ளி மைதானத்தில் ஒரு கோடு கீறி, அதன்மேல் நடைவேகத்திற் செல்லட்டும். இரு தேங்காய் மட்டைகளை வைத்து அவற்றைச் சுற்றி எட்டின் வடிவில் வளையட்டும். வட்டம் நாளுக்கு நாள் சிறுத்து வரட்டும். இதிலே ஒரு மாதம் செலவழித்த பிள்ளையை, ஒரு நாளிலே சரிவுக்குப் போன பிள்ளை ஒருபோதும் எட்டிப்பிடிக்காது.

அடுத்தது நிற்கும் நிலை. இருக்கையில் அமர்ந்தபடி கல்லிலும் குழியிலும் இறங்குபவன் அங்காடிச் சாக்குப்போலத் தூக்கியெறியப்படுவான். இரு மிதிகளையும் நிலத்துக்குச் சமமாக வைத்து, அவற்றின்மேல் எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் மடித்து, குதிகாலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். பாரம் காலிலே நிற்கவேண்டும், கையிலே அன்று. இருக்கையைப் பதித்து வைத்தால் உடல் அசைய இடம் கிடைக்கும். வண்டி கீழே துள்ளட்டும், உடல் துள்ளாதிருக்கட்டும். கடலோடியின் மகனுக்கு இதனை நீளச் சொல்லவேண்டியதில்லை. அலையிலே தோணியின் அணியத்தில் நிற்கும் தந்தையின் முழங்காலை அவன் நாள்தோறும் பார்க்கின்றான்.

கண்ணுக்கும் ஒரு பழக்கம் உண்டு. புதிதாகப் பழகுபவன் முன்சில்லையே பார்ப்பான். பார்த்த இடத்துக்கே வண்டி போகும். கல்லைக் கண்டு அஞ்சி அதனையே நோக்குபவன் அந்தக் கல்லிலேயே போய் மோதுவான். வழி எங்கே இருக்கின்றதோ அங்கே கண் போகவேண்டும். வளைவிலே நுழையுமுன் அதன் மறுமுனையைக் கண் தேடவேண்டும்.

இனிப் பிறேக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். விழுந்து காயப்பட்ட பிள்ளைகளை விசாரித்தால் மிகுதியும் இங்கேதான் பிழை காணப்படும். நமது நாட்டு வண்டிகளிலே வலக்கைப் பிடி முன்சில்லுக்கும் இடக்கைப் பிடி பின்சில்லுக்கும் உரியன. அமெரிக்க முறை இதற்கு மாறானது. வெளிநாட்டு வண்டி ஒன்று கையிற் கிடைத்தால் ஏறுமுன் எது எந்தச் சில்லைப் பிடிக்கின்றது என்று தள்ளிப் பார்த்தல் நன்று. “முன்பிறேக்கைத் தொடாதே, தலைகீழாய் விழுவாய்” என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். அவ்வெச்சரிக்கை அன்பிலே பிறந்தது; ஆனால் அரை உண்மை. வண்டியை நிறுத்தும்போது பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது, முன்சில்லு நிலத்தை இறுகப் பற்றுகின்றது, பின்சில்லு இலேசாகின்றது. இலேசான சில்லை எவ்வளவு பிடித்தாலும் அது நின்று சறுக்குமேயன்றி வண்டி நிற்காது. இறக்கத்திலே இவ்வேறுபாடு இன்னும் பெருகும். ஆகவே நிறுத்தும் ஆற்றலின் பெரும்பங்கு முன்பிறேக்கிலேயே இருக்கின்றது. அதனை அறவே தொடாதவன் சரிவிலே பாதிப் பிறேக்குக்கும் குறைவான வண்டியில் இறங்குகின்றான்.

தலைகீழாய் விழுவது ஏன்? வண்டி நின்றாலும் உடல் முன்னே செல்வதனால். இடுப்பைப் பின்னே தள்ளி, உடலைத் தாழ்த்தி, காலையும் கையையும் ஊன்றிக்கொண்டு, ஒரு விரலால் அல்லது இரு விரலால் பிடியை மெல்ல மெல்ல இறுக்குபவன் விழமாட்டான். அச்சத்தாலே முழுக் கையாலும் ஒரே பிடியாய்ப் பிடிப்பவனே விழுகின்றான். இதனைச் சமதரையிலே பழகவேண்டும். தரையில் ஒரு கோடு. அக்கோட்டைத் தொட்டவுடன் பிறேக்கு. நின்ற இடத்தில் ஒரு கல். முதலிற் பின்பிறேக்கு மட்டும், பின்பு முன்பிறேக்கு மட்டும், பிறகு இரண்டும். மூன்று கற்களும் எங்கெங்கே கிடக்கின்றன என்று பிள்ளையே பார்க்கட்டும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று வகுப்பிலே படித்த கணக்கும் அங்கே கண்ணுக்குத் தெரியும்.

மாரிகாலத்துக்கு ஒரு சொல். இரும்பு விளிம்பைப் பிடிக்கும் இறப்பர்க் கட்டைகள் மழையில் நனைந்தவுடன் பெரிதும் வலுவிழந்துவிடும். திருகோணமலைக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள அம்மாதங்களில் சரிவுப் பழக்கத்தை நிறுத்திவைத்து, மெதுவோட்டத்தையும் எட்டு வளைவையும் மழை ஓய்ந்த வேளைகளிற் செய்தல் தகும்.

மணல் குச்சவெளிப் பிள்ளைக்குக் கிடைத்த பெரும் ஆசான். வீதியின் ஓரத்திலே காற்று கொண்டுவந்து சேர்த்த மணலில் முன்சில்லு புதைந்து, வண்டி ஒருபுறம் வெட்டிக்கொண்டு போவதை அறியாத பிள்ளை அவ்வூரில் இராது. அங்கே கைபிடியைத் திருப்பக்கூடாது, முன்பிறேக்கைத் தொடக்கூடாது, உடலைச் சற்றுப் பின்வாங்கி முன்சில்லை இலேசாக்கி, மிதியை விடாமல் மிதித்துக்கொண்டே நேரே செல்லவேண்டும். சில்லின் காற்றைச் சிறிது குறைத்தால் ரயர் அகன்று மணலின் மேலே நிற்கும். மலைநாட்டிலே சரளைக் கல்லும் உதிர்மண்ணும் நிறைந்த பாதையில் இறங்குபவனுக்கும் இதே பழக்கமே உதவுகின்றது. சில்லு தன் கீழே நழுவும்போது பதறாதிருக்க மலைநாட்டுப் பிள்ளை மலையிலே கற்கின்றது. கரையோரப் பிள்ளை கடற்கரையிலே கற்கின்றது. விழுந்தாலும் மணல் மெத்தைபோலத் தாங்கும் என்பது கரையோரப் பிள்ளையின் கூடுதற் பேறு.

இவ்வளவும் கைவந்த பிறகே சரிவு. குளக்கட்டிலிருந்து மாடும் மனிதரும் இறங்கும் பாதை முதற் சரிவாகப் போதும். கட்டின் புல்முகத்திலே புதுத் தடம் வெட்டக்கூடாது. சில்லு கீறிய தடத்திலே மழைநீர் ஓடிக் கட்டை அரித்துவிடும், பிறகு வயற்காரர் துன்பப்படுவர். திருகோணமலைப் பட்டினத்து உவர்மலைச் சரிவும், கோணேசர் கோயிலுக்கு ஏறும் கோட்டை வீதியும் பழகுவதற்கு உரிய இடங்களல்ல. முன்னையதில் வாகனம்; பின்னையதில் அடியாரும் மானும். எங்கே இறங்கலாம் என்று அறிவதும் இவ்வித்தையிலே ஒரு பகுதி.

வண்டியைக் குறித்தும் ஒளிவின்றிச் சொல்லிவிடவேண்டும். உலகப் போட்டிகளிலே ஓடும் இறக்க வண்டிகளுக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் அமுங்கி எழும் அதிர்வுதாங்கிகள் உண்டு. அவற்றின் விலை நம் வீட்டு வரவுக்கு எட்டாதது. சந்தைக்குப் போகும் வண்டி பாய்ச்சலுக்குச் செய்யப்பட்டதன்று. அதிலே துள்ளிப் பாய்ந்தால் முன்கவர் முறியும். ஆனால் மேலே சொன்ன பழக்கம் அனைத்துக்கும் அவ்வண்டி போதும். பிறேக்குக் கட்டை தேயாதிருத்தல், கைபிடி ஆடாதிருத்தல், சில்லு நெளியாதிருத்தல் ஆகிய இவற்றை ஏறுமுன் ஒவ்வொரு நாளும் பார்க்கவேண்டும். தலைக்கவசம் இல்லாத பிள்ளைக்குச் சரிவும் இல்லை என்று வீட்டிலே விதித்துவிடலாம். இதிலே பிள்ளையின் கெஞ்சலுக்கு இடங்கொடுக்க வேண்டியதில்லை.

பெண்பிள்ளைக்கு இது ஆகுமோ என்று கேட்போர் இன்னும் உளர். இங்கிலாந்தின் றேச்சல் அதேட்டன் 2016ஆம் ஆண்டிலே உலகக் கிண்ண இறக்கப் போட்டித் தொடரின் ஒவ்வொரு சுற்றிலும் வென்று, அதே ஆண்டின் உலக சம்பியன் பட்டத்தையும் பெற்றார். தமையன்மார் இருவருடன் ஓடி வளர்ந்தவர் அவர். குச்சவெளியிலும் தமையனின் வண்டியை இரவல் வாங்கும் தங்கையர் இருக்கின்றனர். அவர்களையும் எட்டு வளைவுக்கு அழைத்தால் போதும்.

அத்தகைய பெருவீரரும் போட்டிக்கு முன்னே ஒரு காரியம் செய்கின்றனர். வண்டியை வைத்துவிட்டு, பாதை முழுவதையும் காலால் நடந்து பார்க்கின்றனர். எந்த வேர் எங்கே, எந்தக் கல் ஆடுகின்றது, எவ்விடத்திற் பிறேக்கைப் பிடித்து எவ்விடத்தில் விடுவது என்று நின்று நின்று பேசிக்கொள்கின்றனர். குளக்கட்டுப் பிள்ளையும் அவ்வாறே நடந்து பார்க்கட்டும். பின்பு உச்சியிலிருந்து அன்று, அடியிலிருந்து பத்தடி மேலே வண்டியை நிறுத்தி, அங்கிருந்து இறங்கட்டும். கோட்டிலே நிற்க முடிந்தால் மறுநாள் இன்னும் பத்தடி மேலே. முடியாவிட்டால் மறுநாளும் அதே இடம். கீழே மாடு நிற்கின்றதா, ஆள் வருகின்றதா என்று பார்த்துக் கைகாட்ட ஒருவர் நிற்கவேண்டும். பின்னேரத்தில் வலையைக் காயவிட்டு வீடு திரும்பும் தகப்பனார் அந்த ஒருவராயிருந்தால் மிக நன்று. தாயும் கட்டின் மேலே வந்து நின்று பார்க்கலாம்.