நாடிழந்த குடும்பமும் தேசியப் பூங்காக்களும்

பிறந்த நாட்டைவிட்டு வேற்று நாட்டிலே வாழ நேர்ந்தவர்களுக்கு அந்நாட்டு மண் எப்பொழுது தம் மண்ணாகின்றது? அரசாங்கம் பிரசாவுரிமைப் பத்திரத்தைக் கையிற் கொடுக்கும் நாளிலா? வீடும் வளவும் வாங்கும் நாளிலா? அல்லது அந்நாட்டு மொழியைப் பிழையறப் பேசும் நாளிலா? இவ்வினாவுக்கு விடைகாண விரும்புவோர்க்கு ஓர் உருசியக் குடும்பத்தின் வரலாறு பெரிதும் பயன்படும். அக்குடும்பத்தினர் அமெரிக்காவிலே பிரசாவுரிமை பெற்றனர். புதிய மொழியிலே புகழும் பெற்றனர். ஆயினும் வீடென்று ஒன்றை அவர்கள் அங்கு ஒருபோதும் வாங்கவில்லை. கோடைகாலம் வந்தால் மோட்டார் காரிலேறி, மலைகளையும் தேசியப் பூங்காக்களையும் நாடிச் சென்றனர். அப்பிரயாணங்களே அந்நாட்டை அவர்களுக்கு உரியதாக்கின எனலாம்.

குடும்பத் தலைவர் விளாடிமிர் நபோகோவ் என்னும் எழுத்தாளர். அவர் 1899 ஆம் ஆண்டு சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரிலே, செல்வமும் கல்வியும் ஒருங்கே வாய்ந்த குடும்பத்திற் பிறந்தார். சிறு பிராயம் முதலே வண்ணத்துப்பூச்சிகளைத் தேடிப் பிடித்து ஆராய்வதில் அவருக்குத் தணியாத ஆர்வம் இருந்தது. உருசியப் புரட்சியின் பின், 1919 இல், அவர்கள் யாவற்றையும் விட்டுக் கிரிமியாவிலிருந்து கப்பலேறினர். 1922 இல் பேர்லின் நகரிலே ஒரு பொதுக்கூட்டத்தில் அவருடைய தந்தையார் சுட்டுக் கொல்லப்பட்டார். 1925 இல் அவர் மணந்த வேரா என்னும் பெண்மணி யூத குலத்தைச் சேர்ந்தவர். இட்லரின் ஆட்சியில் யூதர்களுக்கு நேர்ந்த கொடுமைகள் உலகம் அறிந்தவை. ஆதலின் 1937 இல் அவர்கள் ஜேர்மனியை நீங்கிப் பிரான்சுக்குச் சென்றனர். 1940 மே மாதம், ஜேர்மன் படைகள் பிரான்சினுள் முன்னேறிக்கொண்டிருந்த வேளையில், ஆறு வயது மகன் திமித்ரியையும் அழைத்துக்கொண்டு நியூயோர்க்குக்குக் கப்பலேறினர். ஏறத்தாழ இருபத்தோர் ஆண்டுகளில் மூன்று நாடுகளை இழந்த குடும்பம் அது.

அவர்கள் சென்று பார்த்த தேசியப் பூங்கா என்பது யாது? ஐரோப்பாவிலே எழில்மிக்க காடுகள் பல நெடுங்காலம் அரசர்களினதும் பிரபுக்களினதும் வேட்டைக் காடுகளாக இருந்தன. அமெரிக்காவிலோ, 1872 ஆம் ஆண்டு, யெல்லோஸ்ரோன் என்னும் பெருநிலப்பரப்பு பொதுமக்களின் பயனுக்கென்று சட்டத்தினால் ஒதுக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 22 இலட்சம் ஏக்கர். பின்னர் வேறு பல பூங்காக்களும் ஏற்பட்டன. அவற்றை நிருவகிக்க 1916 இல் தனி இலாகா ஒன்று அமைக்கப்பட்டது. நம் நாட்டிலே 1938 இல் தேசியப் பூங்காக்களான வில்பத்தும் யாலவும் இதே நோக்கத்தைக் கொண்டவையே. இத்தகைய நிலத்தை எவரும் விலைக்கு வாங்குதல் இயலாது. அதனாலேயே அங்கு செல்வனும் வறியனும், குடிமகனும் அகதியும் ஒரே உரிமையோடு நிற்கலாம். நிலமற்றவர்களுக்கு இது சிறிய பேறன்று.

1941 ஆம் ஆண்டு கோடையில் நபோகோவுக்குக் கலிபோர்னியாவிலுள்ள ஸ்ரான்போர்ட் சர்வகலாசாலையில் விரிவுரை செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. மனைவியாரும் அக்காலத்தில் ஓட்டக் கற்றிருக்கவில்லை. அவரிடம் உருசிய மொழி பயின்ற டொறதி லூதோல்ட் என்னும் மாது, தம்முடைய புதிய பொண்டியாக் காரிலே அவர்களை ஏற்றிச் செல்ல முன்வந்தார். மே மாதம் 26 ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து புறப்பட்டனர். இரவு வேளைகளில் வீதியோரத்து மோட்டார் விடுதிகளிலே தங்கினர். பகலிலே கார் நின்ற இடங்களிலெல்லாம் தந்தை வலையோடு இறங்கினார். நிலப்படத்திற் பெயர்களாக மட்டும் இருந்த மாநிலங்கள் அவர்களுக்கு ஒவ்வொன்றாக உருப்பெற்றன.

சூன் மாதம் 9 ஆம் திகதி அவர்கள் அரிசோனாவிலுள்ள கிறாண்ட் கன்யன் தேசியப் பூங்காவில் இருந்தனர். கொலறாடோ ஆறு பல இலட்சம் ஆண்டுகளாக அரித்து அகழ்ந்த மாபெரும் பள்ளத்தாக்கு அது. நீளம் 277 மைல். ஆழம் ஏறத்தாழ ஒரு மைல். அதன் அடியிலுள்ள மிகப் பழைய பாறைகளின் வயது ஏறக்குறைய 180 கோடி ஆண்டு என்பர். தென் விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 7,000 அடி உயரத்தில் இருப்பதால் சூன் மாதத்திலுங்கூட அங்கே காலைக் குளிர் கடுமையானது. தாயும் மகனும் காருக்குள் குளிர் காய்ந்துகொண்டிருக்க, நபோகோவ் டொறதியுடன் பிறைற் ஏஞ்சல் என்னும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினார். அங்கே, அதுவரை எவரும் பெயரிடாத பழுப்பு நிற வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் கண்டு பிடித்தார். மகிழ்ச்சியோடு காருக்குத் திரும்பினால், வேராவும் அதே இனத்தில் இரண்டைப் பிடித்து வைத்திருந்தார்! 1942 இல் அப்பூச்சியை விவரித்து எழுதியபோது, கார் ஓட்டி வந்த மாதின் பெயரையே நன்றிக் கடனாக அதற்குச் சூட்டினார். இன்று அது ஓர் உள்ளினமாகக் கருதப்படுகின்றது. டொறதியின் பெயர் அதனுடன் நிலைத்திருக்கின்றது.

இவ்விடத்திலே இரண்டு செய்திகள் சிந்திக்கத்தக்கவை. கிறாண்ட் கன்யன் தேசியப் பூங்காவானது 1919 ஆம் ஆண்டில். நபோகோவ் நாடிழந்ததும் அதே ஆண்டில். மற்றைய செய்தி துயரமானது. பிறைற் ஏஞ்சல் பாதை ஹவசுப்பாய் என்னும் ஆதிகுடிகள் நடந்து நடந்து அமைத்த பாதை. பாதையின் நடுவேயுள்ள நீரூற்றருகே அவர்கள் பயிர் செய்து வாழ்ந்தனர். பூங்கா ஏற்பட்டபின் அவர்கள் அகற்றப்பட்டனர். 1928 இல் கடைசிக் குடியிருப்பாளரும் வெளியேற்றப்பட்டார். அவ்விடத்துக்கு 2022 இல் ஹவசுப்பாய் தோட்டம் என்று பெயர் மாற்றப்பட்டது. எல்லோர்க்கும் உரியது என்று அறிவிக்கப்பட்ட நிலம், அதிலே வாழ்ந்தவர்களுக்கு மாத்திரம் உரியதல்லாமற் போயிற்று. வீடிழந்த ஒருவர் புகலிடம் கண்ட பாதை, வேறு சிலர் வீடிழந்த பாதையாகவும் இருந்தது. தேசியப் பூங்காக்களின் பெருமையைப் பேசுவோர் இதனையும் சேர்த்துப் பேசுதலே நேர்மையாகும்.

1945 இல் நபோகோவ் அமெரிக்கப் பிரசையானார். 1948 இல் கோர்ணெல் சர்வகலாசாலையிற் பதவியேற்றபின், விடுமுறையிற் செல்லும் பேராசிரியர்களின் வீடுகளிலே குடும்பம் மாறிமாறி வாடகைக்குக் குடியிருந்தது. அக்காலத்திலேதான் வேரா கார் ஓட்டக் கற்றார். அதன்பின் கோடைப் பிரயாணங்கள் அவர்கள் வாழ்வின் ஒழுங்காகிவிட்டன. 1949 இல் வயோமிங் மாநிலத்துத் தீற்றன் மலைகள். 1951 இல் கொலறாடோவின் தெலுயுரைட் என்னும் பழைய சுரங்க ஊர், அதன்பின் யெல்லோஸ்ரோன் பூங்காவின் மேற்கு வாயில். 1958 இல் கனடாவின் எல்லையருகேயுள்ள கிளேசியர் தேசியப் பூங்கா எனப் பயணம் நீண்டது. மனைவி வண்டி ஓட்டினார். கணவர் காலையிலே வலையேந்தி மலைச்சரிவுகளில் ஏறினார். மாலையிலும் மழைநாளிலும் சிறிய அட்டைகளில் எழுதினார். நிறுத்தி வைத்த காரின் உள்ளேயே எழுதியதும் உண்டு. பின்னாளிற் பெரும்புகழையும் பெரும் சர்ச்சையையும் ஒருங்கே தேடித்தந்த 'லொலிற்றா' என்னும் நாவலில் ஒரு பகுதி இப்பிரயாணங்களின்போதே எழுதப்பட்டது.

மகன் திமித்ரிக்கோ மலையேறுவதில் நாட்டம் உண்டாயிற்று. தீற்றன் மலைகளின் தலைச்சிகரம் 13,775 அடி உயரமுடையது. அத்தகைய பாறைகளில் மகன் ஏறுகையில், கீழே பெற்றோர் கவலையோடு காத்திருந்தனர். பேர்லினிலும் பரிசிலும் ஆபத்திலிருந்து கரம்பற்றி அழைத்துவந்த பிள்ளையை, மலையுச்சிக்குத் தனியே போகவிடுதல் எளிதன்று. ஆயினும் அவர்கள் தடுக்கவில்லை. பிற்காலத்தில் அவர் இசை நாடகப் பாடகராகவும், தந்தையின் நூல்களை மொழிபெயர்த்தவராகவும் விளங்கினார்.

இப்பிரயாணங்களின் பயன் குடும்ப மகிழ்ச்சியோடு முடிந்துவிடவில்லை. நபோகோவ் 1940களில் ஹாவார்ட் சர்வகலாசாலையின் நூதனசாலையிலே நீலநிற வண்ணத்துப்பூச்சிகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தவர். தென்னமெரிக்காவின் நீலப் பூச்சிகள் ஆசியாவிலிருந்து, பேரிங் நீரிணை இருக்கும் வழியாக, ஐந்து அலைகளாக அமெரிக்கக் கண்டத்துக்கு வந்தவை என்று 1945 இல் ஒரு கொள்கையை வெளியிட்டார். அதனைப் பலர் பொருட்படுத்தவில்லை. அவர் 1977 இற் காலமாகி 34 ஆண்டுகள் கழிந்தபின், 2011 இல், நயோமி பியேர்ஸ் என்னும் ஹாவார்ட் பேராசிரியரும் அவருடன் சேர்ந்த விஞ்ஞானிகளும் மரபணுச் சோதனையினால் அக்கொள்கை சரியென்று நிறுவினர். கண்டம் விட்டுக் கண்டம் வந்த மனிதர், கண்டம் விட்டுக் கண்டம் வந்த பூச்சிகளின் வழியை அறிந்து கூறியது வியப்பன்றோ?

அவர் 1961 முதல் சுவிற்சலாந்திலே வாழ்ந்தார். எனினும் தம்மை அமெரிக்கர் என்றே இறுதிவரை சொல்லிவந்தார். இவ்வுரிமையை அவர் விலைகொடுத்து வாங்கவில்லை. ஒரு மலையில் எந்த மாதத்தில் எப்பூச்சி பறக்கும், அது எந்தச் செடியை நாடும் என்பதைக் கால்நடையாகச் சென்று கற்றுப் பெற்றார்.

நம் நாட்டுக் குடும்பங்கள் பல இன்று கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்கின்றன. கோடை விடுமுறையில் அவர்களும் பிள்ளைகளோடு பூங்காக்களுக்குச் செல்கின்றனர். படம்பிடித்துத் திரும்புவதோடு அமையாது, அங்குள்ள மரம் எது, பறவை எது, அம்மண்ணில் முன்னர் வாழ்ந்தவர் யாவர் என்று பிள்ளைகள் கேட்டறியச் செய்தல் பெற்றோர் கடனாகும். அறிந்த மண்ணிலே மனிதன் அந்நியனாக நிற்பதில்லை. முன்னிருந்தவர்களை மறவாதிருந்தால், அந்த உறவு அறத்தோடு கூடியதாகவும் அமையும்.