கத்திரி வெயில்ல மனை பார்க்கப் போறீங்களா?

கத்திரி வெயில்ல செங்கல்பட்டு ஸ்டேஷன்ல இறங்கினா, கொளவாய் ஏரிக் காத்துதான் ஆறுதல். அந்தக் காத்தையே ‘லேக் வியூ மனை’ன்னு விக்கிறாங்க.

ஆனா ஒண்ணு. மே மாசம் கிரிக்கெட் ஆடுற அளவுக்குக் காஞ்சு கிடக்குற நிலம், நவம்பர்ல தண்ணிக்குள்ள இருக்கலாம். 2015 டிசம்பர்ல முடிச்சூர்ல தெருவுக்குள்ள படகு வந்துச்சே, மறந்துடாதீங்க.

வில்லங்கச் சான்று சுத்தமா இருக்குன்னு உடனே அட்வான்ஸ் கொடுக்காதீங்க. யார் யாருக்கு வித்தாங்கன்னுதான் அது சொல்லும். தண்ணி எங்க நிக்கும்னு சொல்லாது. சர்வே நம்பரை வாங்குங்க. பட்டா பார்க்குற அரசு இணையதளத்துலயே ‘அ’ பதிவேடும் கிடைக்கும். ஏரி, வாய்க்கால் புறம்போக்குன்னு இருந்தா திரும்பிப் பார்க்காம வந்துடுங்க.

பட்டா நிலமா இருந்தாலும், டீக்கடைப் பெரியவர்கிட்ட “மழைக்கு இங்க எவ்வளவு தண்ணி நிக்கும் ஐயா?”ன்னு கேளுங்க. முடிஞ்சா டிசம்பர்ல இன்னொரு தடவை போய்ப் பாருங்க. மனை எங்கயும் ஓடிடாது.