விழா வேலையும் விற்பனை வேலையும்: நம் பிள்ளைகள் நிமிர்ந்து நுழையும் வழி

(ஜொகூர், குளுவாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

 

சம்பளம், வீடு, தண்ணீர், மருந்து என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று நாம் வேறொரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறோம். நம் பிள்ளைகளில் பலர் இப்போது பால் வாளியைத் தூக்குவதில்லை. விழா மண்டபங்களில் மேசை நாற்காலி தூக்குகிறார்கள். பேரங்காடிகளில் நின்று பொருள் விற்கிறார்கள். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று பெரியவர்கள் சிலர் ஏளனம் செய்கிறார்கள். இளைஞர்களோ, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் அதுவே உத்தியோகம் என்று எண்ணி, எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பாராமல் நுழைந்துவிடுகிறார்கள். இரண்டும் தவறு என்பது நம் கருத்து. இது நல்ல தொழில். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு நுழைய வேண்டிய தொழில்.

நிலத்தின் பயிர் மாறிவிட்டது

நம் ஜொகூரைப் பாருங்கள். ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற சில இடங்களில் இன்று கடையும் கேளிக்கையும் வந்துவிட்டன. கூலாயில், தோட்ட நிலமாக இருந்த இந்தாபுராவில், கெந்திங் தோட்ட நிறுவனமும் அமெரிக்காவின் சைமன் நிறுவனமும் கூட்டாக அமைத்த ஜொகூர் பிரிமியம் அவுட்லெட்ஸ் என்னும் கடைத்தொகுதி 2011ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. மறு ஆண்டு, 2012 செப்டம்பரில், இன்று இஸ்கந்தர் புத்ரி என வழங்கும் பகுதியில் லெகோலாண்ட் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. ஆசியாவிலேயே முதல் லெகோலாண்ட் அது. ஜொகூர் பாருவில் பெர்சாடா மாநாட்டு மண்டபம் இருக்கிறது. தெசாருக் கடற்கரையில் பெரிய தங்குவிடுதிகள் இருக்கின்றன. 2025 ஜனவரி 7ஆம் நாள் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்திற்கு ஒப்பந்தம் செய்துகொண்டன.

மாநாடு, கண்காட்சி, திருமணம், நிறுவன விருந்து, கடைத் திறப்பு என்று இவை எல்லாவற்றிற்கும் ஆள் வேண்டும். விருந்தினரை அழைத்துவர ஒருவர், மண்டபத்தை விற்க ஒருவர், மேடை கட்ட ஒருவர், ஒலிபெருக்கி பார்க்க ஒருவர், கணக்கெழுத ஒருவர். அந்த ஒருவர் ஏன் நம் லயத்துப் பிள்ளையாக இருக்கக் கூடாது?

இது நமக்குப் புதிதா?

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். யார் நடத்துகிறார்கள்? நாமே நடத்துகிறோம். ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறோம். போலீஸ் அனுமதி வாங்குகிறோம். பந்தல், விளக்கு, மேளம், ஆயிரம் பேருக்குச் சாப்பாடு, தீமிதிப்போருக்கு வரிசை, பிள்ளை தவறினால் அறிவிக்க ஒலிபெருக்கி, மறுநாள் காலையில் குப்பை அள்ள ஆள் என்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிறோம். கடைசியில் வரவு செலவை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுகிறோம். நகரத்தில் இதற்குத்தான் நிகழ்ச்சி நிர்வாகம் என்று பெயர். அங்கே இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

விற்பனையும் நமக்குத் தெரியாததன்று. 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலம் அது. தோட்டம் தோட்டமாகச் சென்று, பால்வெட்டுத் தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கேட்டார்கள். கையில் காசில்லாதவரிடம், கண்ணால் காணாத ஒரு பொருளுக்குப் பணம் கேட்பது எளிதா? ஆனால் மக்கள் கொடுத்தார்கள், கேட்டவரை நம்பினார்கள். மறு ஆண்டிலேயே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சொன்ன வாக்கு நிறைவேறியது. விற்பனை என்பதன் உயிர் இதுதான் தோழர்களே. வாக்குக் கொடுப்பது, கொடுத்த வாக்கைக் காப்பது.

பால்வெட்டுத் தெரிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உளி ஆழமாகப் போனால் அன்றைக்குப் பால் கூடுதலாக வரலாம். ஆனால் மரத்தில் காயம் விழும், மறுபட்டை கெட்டுப்போகும். வாடிக்கையாளரும் அப்படியே. பொய் சொல்லி ஒரு தடவை விற்றவன் அந்த மரத்தில் இனிப் பால் எடுக்க முடியாது.

வேலை நடக்கும் முறை

தங்குவிடுதி மண்டபம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விற்பனைப் பகுதியில் இருப்பவர் மண்டபத்தை விற்கிறார். 500 பேருக்குக் கல்யாண விருந்து என்றால், மேசைக்கு 10 பேர் வீதம் 50 மேசை. முன்பணம் எவ்வளவு, சைவம் எத்தனை மேசை, மேடை எந்தப் பக்கம், கடைசி எண்ணிக்கையை எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அவர் ஒரே தாளில் எழுதி, சமையற்கூடத்திற்கும் மண்டபத்திற்கும் கணக்குப் பகுதிக்கும் அனுப்புகிறார். அந்தத் தாளில் ஓர் எழுத்துத் தவறினால் விழா நாளில் ஐம்பது பேர் பசியோடு நிற்பார்கள். விழாவை நடத்துபவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, விற்றவர் கொடுத்த வாக்கை நிறைவேற்றுகிறார். ஆகவே விற்பனையும் விழாவும் ஒரே காண்டாவின் இரண்டு வாளிகள். ஒன்று சரிந்தால் மற்றதும் சிந்தும்.

இதில் படிப்படியாக ஏற முடியும். முதலில் தட்டு ஏந்துபவர். பிறகு பத்து மேசைக்குப் பொறுப்பாளர். பிறகு மண்டப மேற்பார்வையாளர். பிறகு விற்பனை அதிகாரி. மேலே ஏறுபவர் யார்? தட்டு ஏந்தும் காலத்திலேயே அந்தத் தாளைப் படிக்கக் கற்றுக்கொண்டவர். ஆகவே தம்பி தங்கைகளே, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே "அந்தத் தாளை நானும் பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

எங்கே தேடுவது?

பெர்க்கெசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜோப்ஸ் என்னும் வேலை தேடும் சேவையில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. தங்குவிடுதி, மாநாட்டு மண்டபம், கேளிக்கைப் பூங்கா ஆகியவற்றின் ஆள்சேர்ப்புப் பகுதிக்கு நேரிலும் போகலாம். பள்ளி விடுமுறைக் காலமும் பெருநாட் காலமும் ஆள் அதிகம் தேவைப்படும் காலம். அதற்கு ஒரு மாதம் முன்பே போவது நன்று. ஒலி, ஒளி, மின்சாரம், சமையல் ஆகியவற்றில் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றவருக்கு மதிப்புக் கூடும். மலாயும் ஆங்கிலமும் கட்டாயம் வேண்டும். சீனம் நாலு வார்த்தை தெரிந்தால் கடையில் உங்கள் கை ஓங்கும். தமிழை விட்டுவிடாதீர்கள்; நம் கல்யாணங்களையும் நம் விழாக்களையும் நடத்தித் தர அந்த மொழி தெரிந்தவர் வேண்டும்.

ஒரு சிறு விஷயம் பெரிதாகிவிடுவதும் உண்டு. விழா முடிய நள்ளிரவு ஆகும். அந்நேரத்தில் தோட்டத்துக்கு பஸ் ஏது? வீடு திரும்ப வழி என்ன என்பதை வேலையில் சேரும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். பெண் பிள்ளைகளைப் பெற்றோர் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கையெழுத்துக்கு முன்

இனி நாம் சொல்லப்போவதை நன்கு கேளுங்கள். நம்மிடம் ஒரு தங்கை தாயோடு வந்தாள். ஒரு நிறுவனத்துக்காகக் கடைத்தொகுதியில் நின்று மூன்று மாதம் பொருள் விற்றிருக்கிறாள். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் நிற்க வேண்டும். சம்பளம் கிடையாது, விற்றால் கமிஷன் மட்டும். மாதிரிப் பொருளுக்கென்று முன்பணமும் அவளிடமே வாங்கியிருக்கிறார்கள். கேட்டதற்கு, "நீ தொழிலாளி இல்லை, ஏஜண்ட்" என்றார்களாம். நியமனக் கடிதம் இல்லை. ஆனால் அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. எத்தனை மணிக்கு வந்தாள், எத்தனை மணிக்குப் போனாள், என்ன விற்றாள் என்று நாள்தோறும் எழுதியிருந்தாள். மேலாளர் அனுப்பிய வாட்ஸ்அப் உத்தரவுகளையும் அழிக்காமல் வைத்திருந்தாள். தொழிலாளர் இலாகாவில் அந்த நோட்டுத்தான் பேசியது. முழுத் தொகை கிடைக்கவில்லை. பெரும் பகுதி கிடைத்தது. "பிரட்டில் பேர் போடுவது போல நானே எனக்குப் பேர் போட்டுக்கொண்டேன்" என்றாள் அவள். கங்காணி வீட்டுப் பேத்தி!

சட்டம் என்ன சொல்கிறது? குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கு மேற்பட்டோரை, அல்லது ஐந்து பேரை, வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், மற்றவர்களுக்கு ஆகஸ்ட் 1 முதலும் இது நடப்புக்கு வந்தது. மணிக்கணக்கில் என்றால் 8 வெள்ளி 72 காசு. கமிஷன் மட்டுமே பெறும் தொழிலாளிக்கும் மாதக் கணக்கு அந்த 1,700க்குக் கீழே போகக் கூடாது. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கைக்கு வர வேண்டும். 2023 ஜனவரி முதல் வாரத்திற்கு 45 மணி நேரமே சாதாரண வேலை நேரம். சேமநிதிக்குத் தொழிலாளி 11 விழுக்காடு கட்டினால், 5,000 வெள்ளி வரை சம்பளம் பெறுபவருக்கு முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டும். கமிஷனுக்கும் இது உண்டு.

ஆகவே ஐந்து கேள்விகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நியமனக் கடிதம் எங்கே? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? கமிஷனை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? சேமநிதியும் பெர்க்கெசோவும் கட்டுகிறீர்களா? மிகை நேரத்துக்கு என்ன கூலி? இந்த ஐந்துக்கும் முகம் சுளிப்பவரிடம் வேலைக்குப் போகாதீர்கள்.

"பணம் கட்டிச் சேர், ஆள் பிடித்துக் கொடு, வருமானம் கொட்டும்" என்று சொல்பவர் பொருள் விற்கவில்லை, உங்களையே விற்கிறார். இத்தகைய பிரமிட் திட்டங்களை 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. அயல்நாட்டில் விற்பனை வேலை, ஆயிரக்கணக்கில் சம்பளம் என்ற விளம்பரத்தை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய், மோசடிக் கும்பல்களிடம் அடைபட்ட மலேசிய இளைஞர்களின் செய்திகளை 2022இல் பத்திரிகைகளில் படித்தோம். மறந்துவிட வேண்டாம்.

நிறைவு எதில்?

இந்தத் தொழிலின் கஷ்டத்தையும் மறைக்க மாட்டோம். ஊர் கொண்டாடும் நாளில் நாம் உழைக்க வேண்டும். தீபாவளி விருந்தில் பிறர் இலையில் பரிமாறிவிட்டு நம் வீட்டுப் பலகாரத்தை மறுநாள் தின்ன வேண்டும். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது மண்டபங்கள் பூட்டப்பட்டன, மேடைகள் இருண்டன. மரத்துக்கு மழை நாள் போல இத்தொழிலுக்கும் வேலையில்லாக் காலம் உண்டு. அப்போது, 2018இல் நடப்புக்கு வந்த வேலை காப்புறுதித் திட்டத்தில் சந்தா கட்டியிருந்தவருக்குக் கொஞ்சம் கைப்பிடி இருந்தது. கையில் காசாக வாங்கி, பெயர் எங்குமே பதியாமல் உழைத்தவருக்கு என்ன இருந்தது? அதனால்தான் அந்தத் தாளையும் சந்தாவையும் திரும்பத் திரும்பச் சொல்லுகிறோம்.

நிறைவு எப்போது வரும்? தொழிலின் முழு ஓட்டமும் தெரிந்து, "இந்த விழாவை நான் நடத்தினேன்" என்று சொல்லும்போது வரும். பத்தாண்டு உழைத்த அண்ணன் தம்பிகள் நாலு பேர் சேர்ந்து, சொந்தமாகக் கூடாரமும் நாற்காலியும் ஒலிபெருக்கியும் வாங்கித் தொழில் தொடங்கலாம். அப்போது அவர்களும் முதலாளிகள் ஆவார்கள். அவர்களிடம் வேலைக்கு வரும் லயத்துப் பையனும் அந்த ஐந்து கேள்விகளைக் கேட்பான். முகம் சுளிக்காமல் பதில் சொல்லட்டும்!

பெற்றோர்களே, பிள்ளையின் வேலையை ஏளனம் செய்யாதீர்கள். நியமனக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். தம்பி தங்கைகளே, கையெழுத்துப் போட ஒரு நாள் தவணை கேளுங்கள். அந்த ஒரு நாளில் கடிதத்தைத் தோட்டக் கமிட்டிச் செயலாளரிடம் கொண்டுவாருங்கள். நாம் சேர்ந்து உட்கார்ந்து படிப்போம். படித்த பின் போடுங்கள் உங்கள் கையெழுத்தை, கைநாட்டு வைத்த பாட்டன் பாட்டியரை நினைத்துக்கொண்டு.